பில் போடும் கம்ப்யூட்டருக்கு பேட்டரி: பூஸ்ட் கன்வர்ட்டரில் காயிலைத் தேர்ந்தெடுப்பது எப்படி?



தராசு, படிக்கல், சரக்கு இருப்பு என்று பேசும் நமது இதழில் மின்சாரக் காயிலைப் பற்றி ஒரு பாடம் எதற்கு என்று உறுப்பினர்கள் நினைக்கலாம். காரணம் இருக்கிறது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்த பிறகு, சிறிய மளிகைக் கடைகளிலும் மடிக்கணினியில் பில் போடும் பழக்கம் வந்துவிட்டது. பற்று வரவு, சரக்கு இருப்பு, மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி எல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். மின்சாரம் நின்றால் கணக்கும் நின்றுவிடுகிறது. ஆகவே நம்மில் பலர் 12 வோல்ட் பேட்டரி ஒன்றை வைத்து, அதை மடிக்கணினிக்குத் தேவையான 19 வோல்ட்டாக உயர்த்தும் சிறிய போர்டு ஒன்றை இணைத்துக்கொள்கிறோம். அந்தப் போர்டுக்குத்தான் பூஸ்ட் கன்வர்ட்டர் என்று பெயர்.

நாங்களும் எங்கள் கடையில் அப்படி ஒன்றை வைத்திருந்தோம். அதனால் பட்டதைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறோம்.

எங்கள் கடையில் நடந்தது

மூன்று வாரம் அந்தப் போர்டு ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்தது. பத்து நிமிடம், கால் மணி நேரம் என்று மின்சாரம் நின்ற போதெல்லாம் பில் தடையில்லாமல் ஓடியது. மாதத்தின் முதல் வாரம், மழைக்காலம், மாதச் சாமான் வாங்க வருவோர் கூடும் மாலை நேரம். ஆறு மணிக்கு மின்சாரம் போனது. அன்று பிற்பகல் ஒரு முறை மின்சாரம் நின்றபோது போர்டை இணைக்காமலே சமாளித்ததால், மடிக்கணினியின் சொந்த பேட்டரி காலியாகி இருந்தது. போர்டை இணைத்ததும் பில் போடும் வேலைக்கும் சார்ஜ் ஏறுவதற்கும் சேர்த்து அது முழு அளவில் மின்சாரம் இழுத்தது. எங்கள் 12 வோல்ட் பேட்டரியும் பழையது. ஒரு மணி நேரம் கழித்துக் கருகல் வாடை வந்தது. திரை அணைந்தது. போர்டு இருந்த பலகையில் கறுப்புத் தழும்பு. அதற்கு இரண்டடி தள்ளி எண்ணெய் டின்களும் சணல் சாக்குகளும் இருந்தன. அன்று தீப்பிடிக்காதது நமது நல்ல நேரம் என்றே சொல்ல வேண்டும். அதன் பிறகு துண்டுச் சீட்டில் எழுதிய கடன் கணக்கில் சில சீட்டுகள் காணாமற் போயின. அந்தத் தொகை இன்று வரை வரவில்லை.

மெக்கானிக் வந்து பார்த்தார். “காயில் நன்றாக இருக்கிறது, மாஸ்பெட்தான் எரிந்துவிட்டது” என்று புதியது மாற்றினார். அதே வாரத்தில் பேட்டரி இறங்கிய ஒரு நேரத்தில் அதுவும் எரிந்தது. பிறகு, வானொலிப் பெட்டி காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். அவர் சொன்னது: “ஐயா, குற்றவாளி இந்தக் காயில்தான். இது தான் எரியாது, பக்கத்தில் இருப்பதை எரிக்கும். நீங்கள் லேப்டாப்புக்கு எத்தனை ஆம்பியர் போகிறது என்று பார்த்துக் காயில் வாங்கியிருக்கிறீர்கள். பேட்டரியிலிருந்து எத்தனை ஆம்பியர் வருகிறது என்று பார்த்து வாங்கியிருக்க வேண்டும்.”

இந்தப் பாடத்தின் சாரம் அந்த ஒரு வாக்கியம்தான். மற்றவை அதற்கான கணக்கு.

காயில் என்ன வேலை செய்கிறது?

காயில் என்பது காந்தத் தன்மையுள்ள ஒரு கருவின் மேல் சுற்றிய செம்புக் கம்பி. கடைகளில் சோக் என்றும் சொல்வார்கள். பாடப் புத்தகத்தில் மின்தூண்டி. இதன் அளவை அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றியின் பெயரால் ஹென்றி என்று குறிக்கிறார்கள். நமது போர்டுகளில் வருவது அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோ ஹென்றிக் கணக்கு.

போர்டில் உள்ள மாஸ்பெட் ஒரு விரைவான சுவிட்ச். அது மூடும்போது பேட்டரியின் மின்சாரம் காயில் வழியாக ஓடி, கருவில் காந்தமாகச் சேர்கிறது. சுவிட்ச் திறக்கும்போது, ஓடிக்கொண்டிருந்த மின்சாரத்தை நிற்கவிடாமல் காயில் தள்ளுகிறது. அந்தத் தள்ளுதல் பேட்டரியின் வோல்ட்டுடன் கூடி, டயோடு வழியாக வெளியே 19 வோல்ட்டாகப் போகிறது. நமது போர்டு போன்றவற்றில் இது வினாடிக்கு ஒரு லட்சம் முறை நடக்கிறது. லாரியிலிருந்து கிடங்குக்கு மூட்டை சுமக்கும் தொழிலாளி போல, ஒவ்வொரு நடையிலும் ஒரு சிறு சுமையை எடுத்து இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் சேர்ப்பது காயிலின் வேலை. ஒரு நடைக்கு அதனால் எவ்வளவு சுமக்க முடியும் என்பதே கேள்வி.

பண்டமாற்றுக் கணக்கு

வோல்ட்டை விலை என்றும், ஆம்பியரை எடை என்றும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பெருக்கினால் வருவது தொகை. அதுதான் வாட். பருப்பு கிலோ 120 ரூபாய், அரிசி கிலோ 60 ரூபாய் என்றால், ஒரு கிலோ பருப்பு வாங்க இரண்டு கிலோ அரிசி கொடுக்க வேண்டும். நடுவில் தரகு உண்டென்றால் இரண்டு கிலோவுக்கும் மேலே கொடுக்க வேண்டும். அரிசி விலை இறங்கிவிட்டால் இன்னும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். பூஸ்ட் கன்வர்ட்டரும் இதே வியாபாரம்தான் செய்கிறது. விலை குறைந்த வோல்ட்டை அதிக எடையில் வாங்கி, விலை கூடிய வோல்ட்டைக் குறைந்த எடையில் விற்கிறது. நடுவில் வெப்பமாகப் போவது தரகு.

நமது கணக்கைப் போடுவோம். 65 வாட் மடிக்கணினி 19 வோல்ட்டில் 3.42 ஆம்பியர் எடுக்கிறது. தரகு நூற்றுக்குப் பத்து என்று கொண்டால், 65ஐ 0.9ஆல் வகுக்க, பேட்டரி சுமார் 72 வாட் கொடுக்க வேண்டும். 12 வோல்ட் ஈய அமிலப் பேட்டரி சுமையோடு இறங்கி 10.5 வோல்ட்டுக்கு வரும்போதுதான் அதை நிறுத்துவது வழக்கம். அந்தக் கடைசி நிலையில் 72ஐ 10.5ஆல் வகுத்தால் சுமார் 6.9 ஆம்பியர். வெளியே போவது 3.42 ஆம்பியர். காயில் வழியாக ஓடுவது 6.9 ஆம்பியர்.

எங்கள் போர்டில் இருந்தது 5 ஆம்பியர் காயில். 3.42க்கு 5 தாராளம் என்று நினைத்தோம். பேட்டரி நிறைந்து, மடிக்கணினி 45 வாட் மட்டும் எடுத்த நாட்களில் காயிலில் ஓடியது சுமார் 4 ஆம்பியர். ஆகவே மூன்று வாரம் தாங்கியது. முழு 65 வாட்டும் இறங்கிய பேட்டரியும் ஒன்றாகச் சேர்ந்த அன்று அது தாங்கவில்லை.

ஆகவே முதல் விதி: காயிலின் ஆம்பியரைக் கணக்கிடும்போது வெளியே போகும் ஆம்பியரை எடுக்காதீர்கள். அதிகமான வாட்டை எடுத்து, தரகைச் சேர்த்து, பேட்டரியின் மிகக் குறைந்த வோல்ட்டால் வகுத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை மைக்ரோ ஹென்றி?

காயிலில் ஓடும் மின்சாரம் சமமாக ஓடுவதில்லை. சுவிட்ச் மூடும்போது ஏறி, திறக்கும்போது இறங்குகிறது. இந்த ஏற்ற இறக்கத்தை அலைவு என்போம். சராசரியில் நூற்றுக்கு 20 முதல் 40 பங்கு வரை அலைவு இருக்கலாம் என்பது பொதுவான வழக்கம். நாம் 30 பங்கு எடுத்தால், 6.9 ஆம்பியருக்கு அலைவு சுமார் 2 ஆம்பியர்.

சுவிட்ச் மூடியிருக்கும் பங்கு: 10.5ஐ 19ஆல் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்தால் 0.447. இதை 10.5 வோல்ட்டால் பெருக்கினால் சுமார் 4.7. இதை அலைவு 2 ஆம்பியராலும், வினாடிக்கு ஒரு லட்சம் முறை என்ற வேகத்தாலும் வகுத்தால் சுமார் 23 மைக்ரோ ஹென்றி வருகிறது. கடையில் கிடைக்கும் வழக்கமான அளவுகள் 10, 15, 22, 33, 47 என்று போகும். நமக்குப் பொருத்தம் 22 அல்லது 33.

22 எடுத்தால் அலைவு சுமார் 2.1 ஆம்பியர். அதில் பாதியைச் சராசரியுடன் கூட்டினால், மின்சாரம் தொடும் உச்சம் சுமார் 8 ஆம்பியர். காயில் தாங்க வேண்டியது இந்த உச்சத்தை. நூற்றுக்கு 25 பங்கு கையிருப்பு வைத்தால் 10 ஆம்பியர் காயில் வேண்டும். எங்களிடம் இருந்ததைப் போல இரண்டு மடங்கு!

கரு நிரம்பினால் என்ன ஆகும்?

படி நிறைந்த பிறகு கொட்டும் அரிசி தரையில்தான் விழும். கருவும் அப்படித்தான். ஓர் அளவுக்கு மேல் காந்தத்தை அதனால் சேர்த்துக்கொள்ள முடியாது. இதைப் பூரித நிலை என்கிறார்கள். கரு பூரிதம் அடைந்த பிறகு காயில் வெறும் கம்பியாகிவிடுகிறது. அதுவரை நிதானமாக ஏறிய மின்சாரம் திடீரென்று தாவுகிறது. அந்தத் தாவலை வாங்கிக்கொள்வது மாஸ்பெட். அது சூடேறி உடைகிறது. காயிலோ பார்ப்பதற்குப் புதிது போலவே இருக்கிறது. முதல் மெக்கானிக் ஏமாந்தது இதனால்தான். மாஸ்பெட் மாற்றிய பிறகும் மறுபடி எரிந்தால், காயிலைச் சந்தேகிக்க வேண்டும்.

காயிலின் விவரத் தாளில் இரண்டு ஆம்பியர் எண்கள் இருக்கும். ஒன்று பூரித ஆம்பியர், மற்றது சூடேறாமல் தொடர்ந்து தாங்கும் ஆம்பியர். சில விற்பனையாளர்கள் இரண்டில் பெரிய எண்ணை மட்டும் சொல்வார்கள். நாம் இரண்டையும் கேட்க வேண்டும். பூரித எண் நமது உச்சமான 8ஐவிடக் கூடுதலாகவும், சூட்டு எண் நமது சராசரியான 6.9ஐவிடக் கூடுதலாகவும் இருக்க வேண்டும். சூடேறும்போது ஃபெரைட் கரு சீக்கிரமாகவே நிரம்பிவிடும் என்பதையும் நினைவில் கொள்க.

பெரிய எண் நல்லதா?

“22க்குப் பதில் 47 போடுங்கள், பெரிய காயில், நல்லது” என்று சிலர் சொல்வார்கள். அதே அளவுக் கருவில் மைக்ரோ ஹென்றியைக் கூட்ட வேண்டுமானால் சுற்றுகளைக் கூட்ட வேண்டும். சுற்று கூடினால் கரு குறைந்த ஆம்பியரிலேயே நிரம்பும். 22 மைக்ரோ ஹென்றியில் 10 ஆம்பியர் தாங்கும் கருவில் 47 சுற்றினால், அது சுமார் 7 ஆம்பியரில் நிரம்பிவிடும். நமது தேவையோ அதற்கு மேல். எண் பெரிதானது, காயில் பலவீனமானது. உண்மையில் 47 வேண்டுமென்றால் கருவும் பெரிதாக வேண்டும், விலையும் கூடும்.

மறுபக்கம், 10 மைக்ரோ ஹென்றி போட்டால் அலைவு சுமார் 4.7 ஆம்பியராகி, உச்சம் 9 ஆம்பியரைத் தாண்டும். சுவிட்சுக்கும் கெபாசிட்டருக்கும் வீண் சூடு. ஆகவே கணக்கில் வந்த எண்ணை ஒட்டி எடுப்பதே சிக்கனம்.

கருவும் கம்பியும்

ஃபெரைட் கரு கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கும். வெப்ப இழப்பு குறைவு. ஆனால் நிரம்பினால் திடீரென்று நிரம்பும். இரும்புத் தூள் கரு மெல்ல மெல்ல நிரம்பும், ஆகவே கொஞ்சம் பொறுக்கும். ஆனால் வேகம் கூடினால் சூடாகும். பழைய கம்ப்யூட்டர் மின்பெட்டியிலிருந்து கழற்றிய மஞ்சள் வெள்ளை வளையம் பெரும்பாலும் இந்த வகை. மலிவு என்று அதை வாங்கினால், நமது வேகத்தில் தொடர்ந்து சூடாகி நாளடைவில் கெட்டுப்போகும். இரண்டுக்கும் நடுவில் சென்டஸ்ட் என்ற கலவைத் தூள் கரு உண்டு. 1930களில் ஜப்பானின் சென்டாய் நகரில் உருவானதால் அந்தப் பெயர். மெல்ல நிரம்பும், சூடும் குறைவு. நமது வேலைக்கு இது ஏற்றது. வளையத்தின் நிறத்தை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். நிறத்தைப் போலியாகவும் பூசலாம்.

கம்பியின் தடையையும் கேளுங்கள். 7 ஆம்பியர் அளவில் ஓடும் காயிலின் தடை 10 மில்லி ஓம் என்றால் வீணாவது சுமார் அரை வாட். அதுவே 50 மில்லி ஓம் என்றால் கிட்டத்தட்ட இரண்டரை வாட். சுண்டு விரலளவு பொருளில் இரண்டரை வாட் சேர்ந்தால் கை வைக்க முடியாது.

பேட்டரியிலிருந்து போர்டுக்கு வரும் ஒயரும் இதே கணக்குத்தான். இரண்டு மீட்டர் தூரம் போய்வர 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால், 6.9 ஆம்பியரில் 0.6 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடும். பேட்டரியில் 10.5 இருந்தாலும் போர்டுக்கு 10க்கும் குறைவாகவே வந்து சேரும். காயிலின் சுமை மறுபடி கூடும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்றால் இழப்பு 0.2 வோல்ட் மட்டுமே.

காயிலால் தீராத குறை

எக்ஸ்எல் 6009 என்ற சிப் வைத்த சிறிய போர்டுகளை “4 ஆம்பியர்” என்று சொல்லி விற்கிறார்கள். அந்த 4 என்பது உள்ளே சுவிட்ச் தாங்கும் உச்சம். வெளியே கிடைப்பதல்ல. 10.5 வோல்ட் பேட்டரியில் அது 30 வாட்டை ஒட்டித்தான் தரும். 65 வாட் மடிக்கணினிக்கு எத்தனை நல்ல காயில் போட்டாலும் அந்தப் போர்டு உதவாது. மாஸ்பெட் தனியாக உள்ள பெரிய போர்டையே கேட்டு வாங்க வேண்டும்.

வாங்கும்போதும் இணைக்கும்போதும்

1. மடிக்கணினி அடாப்டரின் அடியில் உள்ள வோல்ட், ஆம்பியரை எழுதிக்கொண்டு போங்கள். சில மடிக்கணினிகள் தமது சொந்த அடாப்டரைத் தவிர மற்றதில் சார்ஜ் ஏற்காது. அதையும் முன்பே விசாரியுங்கள்.

2. காயிலின் மைக்ரோ ஹென்றி, பூரித ஆம்பியர், சூட்டு ஆம்பியர், தடை ஆகிய நான்கையும் கேளுங்கள். நான்கும் சொல்ல முடியாதவரிடம் வாங்காதீர்கள். சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுச் சந்தைகளுக்குப் போகிறவர்கள் எழுதிய சீட்டுடன் போவது நல்லது.

3. முதலில் மடிக்கணினியை இணைக்காமல் 19 வோல்ட் சரியாக வருகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள்.

4. பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே 10 ஆம்பியர் ஃப்யூஸ் போடுங்கள். இது தவறவே கூடாது. இந்த வகைப் போர்டில் சுவிட்ச் நின்றுவிட்டாலும் பேட்டரியிலிருந்து காயில், டயோடு வழியாக வெளியே பாதை திறந்தே இருக்கும். மாஸ்பெட் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டாலோ பேட்டரி முழுவதும் காயில் வழியாகக் கொட்டும். அதைத் தடுப்பது ஃப்யூஸ் ஒன்றுதான்.

5. பேட்டரி 10.5 வோல்ட்டுக்கு வந்ததும் தானே நிறுத்தும் அமைப்பு வேண்டும். பேட்டரியின் ஆயுளும் காயிலின் சுமையும் இரண்டும் அதில் அடங்கியுள்ளன.

6. மடிக்கணினியின் சார்ஜ் குறைவாகவும் பேட்டரி இறங்கியும் இருக்கும் நேரத்தில், ஆள் பக்கத்தில் இருக்க, அரை மணி நேரம் ஓட்டிச் சோதியுங்கள். நிறைந்த பேட்டரியில் செய்யும் சோதனை சோதனையே அல்ல.

7. போர்டை உலோகப் பெட்டிக்குள், காற்றோட்டமாக, எண்ணெய், சாக்கு, காகித அட்டை ஆகியவற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

ஒரு பயிற்சி

பவர் பேங்க் விற்கும் உறுப்பினர்கள் இதைப் போட்டுப் பார்க்கலாம். உள்ளே இருக்கும் லித்தியம் செல் 3 வோல்ட் வரை இறங்கும் என்று கொள்வோம். வெளியே 5 வோல்ட், 2 ஆம்பியர். தரகு நூற்றுக்குப் பத்து. காயிலில் ஓடும் சராசரி எவ்வளவு? விடை: 10 வாட்டை 0.9ஆல் வகுக்க 11.1 வாட், அதை 3ஆல் வகுக்க 3.7 ஆம்பியர். அலைவைச் சேர்த்தால் உச்சம் 4 ஆம்பியரைத் தாண்டும். 2 ஆம்பியர் பவர் பேங்குக்கு 2 ஆம்பியர் காயில் போட்ட மலிவுச் சரக்கு ஏன் சூடாகித் திரும்பி வருகிறது என்பது இதில் விளங்கும்.

எங்கள் கடையில் இப்போது 22 மைக்ரோ ஹென்றி, 10 ஆம்பியருக்கு மேல் பூரித எண் உள்ள சென்டஸ்ட் காயிலும், ஃப்யூஸும், தடித்த ஒயரும் இருக்கின்றன. அடுத்த மழைக்காலம் முழுவதும் பில் நிற்கவில்லை. நல்ல காயிலுக்கு நாங்கள் கூடுதலாகக் கொடுத்த விலை, அன்று காணாமற் போன கடன் சீட்டுகளின் தொகையில் ஒரு சிறு பங்குதான்.

எந்தச் சரக்கையும் எடை பார்த்து வாங்கும் பழக்கமுள்ளவர்கள் நாம். காயிலையும் அப்படியே, பேட்டரிப் பக்கத்தின் எடையைப் பார்த்து வாங்குமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஃப்யூஸ் இல்லாமல் இப்படிப் போர்டு வைத்திருப்பவர்கள் இன்று கடை அடைக்கும் முன்பே அதைக் கழற்றி வையுங்கள். ஃப்யூஸ் போட்ட பிறகு மாட்டிக்கொள்ளலாம்.